மெனோபாஸ் காலத்து வயிற்று உப்புசம்: ஏன் வருகிறது, எதைக் கவனிக்க வேண்டும்

காலையில் சரியாக இருந்த பாவாடை நாடா மாலை ஆறு மணிக்கு இறுக்குகிறது. சாப்பிட்டது என்னவோ இரண்டு இட்லிதான். ஆனாலும் விருந்து சாப்பிட்டது போல வயிறு கனக்கிறது, ஏப்பம் வருகிறது, குனிந்து ஒரு பொருளை எடுத்தால் மூச்சு முட்டுகிறது. நாற்பதுகளின் பின்பாதியில் இருக்கும் பெண்களைக் கேட்டால் பலரும் இதைச் சொல்வார்கள். திடீரென்று உடம்பு சூடாவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, தூக்கம் கெடுவது எல்லாவற்றையும் மாதவிடாய் நிற்கும் காலத்தோடு சேர்த்துப் பேசப் பழகிவிட்டோம். வயிற்றை மட்டும் தனியாகப் பிரித்து, ‘கேஸ் டிரபிள்’ என்று மருந்துக் கடையோடு முடித்துவிடுகிறோம்.

இந்த வயதில் வரும் உப்புசத்தில் பெரும்பகுதிக்குப் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு சிறு பகுதியை மட்டும் அப்படி விட்டுவிட முடியாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க மிகவும் உதவும் கேள்வி ஒன்றுதான்: உப்புசம் வந்து போகிறதா, வந்து தங்கிவிட்டதா? கீழே வரும் எதைப் படிக்கும்போதும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46, 47 வயதை ஒட்டி வருகிறது. மேற்கத்திய நாடுகளில் 51ஐ ஒட்டி. தொல்லைகள் அதுவரை காத்திருப்பதில்லை. மாதவிடாய் முன்னும் பின்னுமாகத் தள்ளிப்போகத் தொடங்கும் அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான் பலருக்கு அதிகச் சிரமம் தருகின்றன. கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டவர்களுக்கு இந்த இடைக்காலமே கிடையாது. வயது என்னவாக இருந்தாலும் அன்றே மெனோபாஸ் தொடங்கிவிடும்.

சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்டிரோன் இரண்டும் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்வதில்லை. அவற்றை உணர்ந்துகொள்ளும் ஏற்பிகள் இரைப்பையிலும் குடலிலும் இருக்கின்றன. புரோஜெஸ்ட்டிரோன் குடல் தசையைத் தளர்த்தும். கர்ப்ப காலத்து மலச்சிக்கலிலும், மாதவிடாய்க்கு முந்தைய வாரத்து வயிற்று ஊதலிலும் அதற்குப் பங்கு உண்டு. ஈஸ்ட்ரோஜன் கூடும்போது உடம்பு உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சினைப்பை ஓயப்போகும் ஆண்டுகளில் இவை இரண்டும் சீராகக் குறைவதில்லை. சில மாதங்களில் கருமுட்டை வெளிவராது. அந்த மாதங்களில் புரோஜெஸ்ட்டிரோன் சரியாகச் சுரக்காது. ஈஸ்ட்ரோஜனோ சில நாள் வழக்கத்தைவிட மேலே ஏறும், அப்புறம் சடாரென்று இறங்கும். ஒரு மாதம் மலச்சிக்கல், அடுத்த மாதம் வயிற்றுப்போக்கு, இடையில் ஒரு வாரம் ஒன்றுமே இல்லை என்று குடல் நிலைகொள்ளாமல் இருப்பதற்கு இந்த ஏற்ற இறக்கமும் ஒரு காரணம்.

ஈஸ்ட்ரோஜனுக்கும் குடலுக்கும் இன்னொரு உறவும் இருக்கிறது. கல்லீரல், பயன்படுத்தி முடித்த ஈஸ்ட்ரோஜனைக் கட்டிப்போட்டுப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. அங்கே வாழும் சில பாக்டீரியாக்கள் அந்தக் கட்டை அவிழ்த்து, ஒரு பகுதியை மறுபடி ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆக, ஹார்மோன் குறைவது குடல் பாக்டீரியாக்களைப் பாதிக்கிறது. பாக்டீரியாக்கள் மாறுவது ஹார்மோன் அளவைப் பாதிக்கிறது. இதை வைத்துக்கொண்டு ‘மெனோபாஸ் புரோபயாட்டிக்’ என்று விலை உயர்ந்த டப்பாக்களை விற்கிறார்கள். உப்புசத்துக்கு அவை வேலை செய்யும் என்று சொல்லுமளவுக்கு இன்னும் உறுதியான ஆதாரம் இல்லை. தயிர் ஒத்துக்கொள்கிறது என்றால் தயிரே போதும்.

எல்லாப் பழியையும் ஹார்மோன் மேல் போட்டுவிடவும் முடியாது. வயது ஏற ஏறக் குடலின் வேகம் குறைகிறது, தசை குறைகிறது, நடை குறைகிறது. இரவில் வியர்த்து எழுந்து தூக்கம் கெட்டால் மறுநாள் குடல் நரம்புகள் இன்னும் கூர்மையாகிவிடும். முன்பு கவனத்துக்கே வராத காற்று இப்போது அழுத்தமாகத் தெரியும். பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் உடல்நிலை, வேலை எல்லாம் ஒன்றாகக் கழுத்தை நெரிப்பதும் இதே வயதில்தான். குடலும் மூளையும் நரம்பால் கட்டப்பட்டவை. மனக்கவலை வயிற்றில் தெரிவது கற்பனை இல்லை.

உள்ளே அவ்வளவு காற்று இருக்கிறதா?

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளில் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை காற்று கீழே பிரிகிறது. 10 முதல் 20 முறை வரை பிரிவது சாதாரணம். வீட்டில் பெண்கள் இதை அடக்கி அடக்கியே பழகியிருக்கிறார்கள். அடக்கினால் அழுத்தம் கூடத்தான் செய்யும்.

ஆச்சரியமான விஷயம் என்னவென்றால், வயிறு பெரிதாக ஊதித் தெரியும் நேரத்திலும் உள்ளே காற்று அவ்வளவாகக் கூடியிருக்காது. ஸ்பெயினின் பார்சிலோனா நகர ஆய்வாளர்கள், ஊதிய நேரத்திலும் ஊதாத நேரத்திலும் சி.டி. ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். உப்புசக்காரர்கள் பலருக்குக் காற்றின் அளவு சிறிதளவே கூடியிருந்தது. மாறியிருந்தது தசைகளின் வேலை. சாதாரணமாகச் சாப்பிட்டதும் உதரவிதானம், அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை, சற்று மேலே ஏறி இடம் கொடுக்கும். வயிற்றின் முன்சுவர் லேசாக இறுகும். இவர்களுக்கு அது தலைகீழாக நடக்கிறது. உதரவிதானம் கீழே அழுத்துகிறது, முன்சுவர் தளர்ந்து வெளியே தள்ளுகிறது. காற்றை வெளியேற்றும் மருந்து சாப்பிட்டும் வயிறு இறங்கவில்லை என்று பலர் சொல்வதற்கு இது ஒரு விளக்கம். மூச்சுப் பயிற்சி ஏன் உதவுகிறது என்பதற்கும் இதுவே விளக்கம்.

தொப்பையா, உப்புசமா

இரண்டும் சேர்ந்தே வருவதால் குழப்பம். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, அதுவரை இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பகுதிக்கு மாறுகிறது. எடை ஏறாமலேயே இடுப்பளவு கூடலாம். கொழுப்பு காலை, மாலை பார்க்காது. எப்போதும் ஒரே அளவில் இருக்கும், கையால் பிடித்துப் பார்க்க முடியும். உப்புசம் காலையில் இறங்கியிருக்கும், நாள் போகப் போக ஏறும், மலம் கழித்தாலோ காற்று பிரிந்தாலோ குறையும். ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் தொப்புள் மட்டத்தில் டேப் வைத்து அளந்து எழுதினால் எது எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிடும். காலையிலும் இறங்காமல், வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும் வயிறு மூன்றாவது ரகம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நம் சாப்பாட்டில் எது ஊதவைக்கிறது

பருப்பு, பயறு, கொண்டைக்கடலை, மொச்சை இவற்றில் உள்ள சிலவகைச் சர்க்கரைகளைச் செரிக்கும் நொதி மனிதக் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்கு உணவாகிக் காற்றாகின்றன. வெங்காயம், பூண்டு, கோதுமையில் வேறு வகை. அவையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. இப்படிப்பட்ட உணவுகளைக் கொஞ்ச நாள் குறைத்து, பின் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ஃபாட்மேப் என்ற முறையை ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாக்கினார்கள். அதை நிரந்தரப் பத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சில வாரங்கள் குறைத்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்ததும் மற்றவற்றைத் திரும்பச் சேர்த்துவிட வேண்டும்.

நம் சமையலில் இதற்கு ஏற்கெனவே வழிகள் இருக்கின்றன, அவசரத்தில் விட்டுவிட்டோம். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் வேகவைத்தால் அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். மாவு புளிக்கும்போதும் குறையும். உளுந்து வடையில் சிரமப்படும் பலருக்கு நன்றாகப் புளித்த இட்லி ஒத்துக்கொள்கிறது. முழுப் பயறைவிடத் தோல் நீக்கிய பாசிப்பருப்பு எளிது. பெருங்காயம், சீரகம், ஓமம், இஞ்சி இவற்றில் இஞ்சி இரைப்பை காலியாவதைக் கொஞ்சம் வேகப்படுத்தும் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்றவை சமையல் அளவில் கெடுதல் இல்லாதவை, சுகம் தந்தால் சாப்பிடலாம்.

பால் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். பாலின் சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் சக்தி தென்னிந்தியர்களில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. ஆனாலும் ஒரு டம்ளர் பால் வரை பெரும்பாலோர் தாங்குவார்கள். நாளைக்கு நாலு காபி, ராத்திரி ஒரு டம்ளர் பால் என்று கூடும்போதுதான் தொல்லை. இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். வித்தியாசம் தெரியாவிட்டால் பாலைக் குற்றம் சொல்ல வேண்டாம், திரும்பக் குடிக்கலாம். தெரிந்தால் பாலுக்குப் பதில் தயிர், மோர். மெனோபாஸுக்குப் பின் எலும்பு வேகமாகத் தேய்வதால் கால்சியத்தை விடவே கூடாது. கேழ்வரகு, எள், முள்ளோடு சாப்பிடும் நெத்திலி எல்லாம் கைகொடுக்கும்.

எதைச் சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்படிச் சாப்பிடுகிறோம் என்பது நம் வீடுகளில் பெரிய பிரச்சினை என்று எனக்குத் தோன்றுகிறது. காலையில் வெறும் காபி, பதினொரு மணிக்கு நின்றுகொண்டே இரண்டு தோசை, மதியம் எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சமிருப்பது, ராத்திரி பத்து மணிக்கு வயிறு நிறையச் சோறு, உடனே படுக்கை. வேகமாக விழுங்கும்போது காற்றும் சேர்ந்து போகும். அண்ணாந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும்போதும் அப்படித்தான். டம்ளரை வாயில் வைத்துச் சிறிது சிறிதாகக் குடித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, பாத்திரத்தை ஆளுக்குக் கொஞ்சம் கழுவி வைத்தால், அந்த வீட்டுப் பெண்ணின் வயிற்றுக்கு அது மருந்தைவிட நல்லது. நான் இதை மனதாரச் சொல்கிறேன்.

மாத்திரைகள் செய்யும் வேலை

வயிறு ஊதினால் காலையில் வெறும் வயிற்றில் ‘கேஸ் மாத்திரை’ போடும் பழக்கம் நம் ஊரில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகை மாத்திரைகள் இரைப்பையின் அமிலத்தைக் குறைப்பவை. நெஞ்செரிச்சலுக்கும் புண்ணுக்கும் நல்ல மருந்து. குடலில் உண்டாகும் காற்றுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அமிலம் குறைந்தால் சிறுகுடலில் பாக்டீரியா பெருகி உப்புசம் கூடவும் வாய்ப்பு உண்டு. நீண்ட காலம் எடுத்தால் பி12 குறையலாம். எலும்பு முறிவு அபாயம் கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2010இல் எச்சரித்தது. எலும்பு தேயும் வயதில் இதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் போன்றவை எடுப்பவர்களுக்கு இது பாதுகாப்புக்காகவே கொடுக்கப்பட்டிருக்கும், அதனால் கேட்காமல் நிறுத்தாதீர்கள். உடனடிச் சுகத்துக்காகக் குடிக்கும் நுரைக்கிற உப்புத்தூள்களில் சோடியம் அதிகம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் அடிக்கடி குடிக்கக் கூடாது.

இந்த வயதில் போடும் வேறு மாத்திரைகளையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை மலத்தை இறுக்கும். கால்சியம் கார்பனேட் பலருக்கு மலச்சிக்கலையும் காற்றையும் தரும். மருத்துவரிடம் கேட்டு கால்சியம் சிட்ரேட்டுக்கு மாறலாம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் வயிற்றை ஊதவைக்கும், வயிற்றுப்போக்கும் தரும்; மெதுவாகக் கரையும் வகை பலருக்கு ஒத்துக்கொள்கிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் மலச்சிக்கல், சோர்வு, எடை கூடுதல் எல்லாம் மெனோபாஸ் போலவே வரும். டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடும்.

ஹார்மோன் மாற்று சிகிச்சையை உப்புசத்துக்காக மட்டும் யாரும் தொடங்குவதில்லை. உடல்சூட்டுக்கும் தூக்கத்துக்கும் அது நல்ல பலன் தரலாம், தூக்கம் சரியானால் வயிறும் அடங்கலாம். ஆரம்ப மாதங்களில் அதுவே, முக்கியமாக அதிலுள்ள புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்து, வயிறு ஊதவும் வைக்கும்.

செய்து பார்க்க வேண்டியவை

முதலில் மலச்சிக்கல். தினமும் போனாலும் முக்கிப் போகிறீர்கள், முழுதாகப் போகவில்லை என்ற உணர்வு இருக்கிறது என்றால் அதுவும் மலச்சிக்கல்தான். அது தீராமல் உப்புசம் தீராது. மூட்டுவலிக்காக வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மாறியவர்கள், காலடியில் ஒரு குட்டி மணை போட்டு முழங்கால் இடுப்பைவிட உயரும்படி உட்கார்ந்தால் மலக்குடல் நேராகும், முக்க வேண்டியிருக்காது. இசப்கோல் நல்லது. ஒரு சின்ன ஸ்பூனில் தொடங்கி, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். நார்ச்சத்து நல்லது என்று கேட்டுவிட்டு ஒரே நாளில் கோதுமைத் தவிடும் கீரையும் முளைகட்டிய பயறுமாகச் சாப்பிட்டால் வயிறு இன்னும் ஊதும்.

சாப்பிட்ட பிறகு பத்து, பதினைந்து நிமிடம் மெதுவாக நடப்பது காற்றை நகர்த்தும். மூச்சுப் பயிற்சிக்கு, சாப்பிட்ட பின் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றில் வைத்து, மூக்கால் மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். வெளியே விடும்போது வயிறு தானாக உள்ளே போக வேண்டும். ஐந்து நிமிடம் போதும், தினமும் செய்ய வேண்டும்.

கூடவே இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு ஊதியது, மலம் எப்படி, தூக்கம் எப்படி, மாதவிடாய் வந்ததா. உங்கள் உப்புசத்துக்கு ஏதாவது ஒழுங்கு இருந்தால் அதில் தெரியவரும். மருத்துவரிடம் போகும்போதும் இந்த நோட்டு உதவும்.

காத்திருக்கக் கூடாத உப்புசம்

வந்து தங்கிவிட்ட உப்புசத்துக்கு வருவோம். சினைப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் மெனோபாஸுக்குப் பின் வருவது. அதன் ஆரம்ப அறிகுறிகள் மிகச் சாதாரணமானவை: தொடர்ந்து வயிறு ஊதியிருப்பது, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்றிலோ இடுப்புக்குள்ளோ வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருவது. எல்லாமே ‘கேஸ்’ என்று கடந்துபோகக் கூடியவை என்பதால்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது. பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2011இல் ஒரு தெளிவான அளவு கொடுத்தது: ஒரு பெண்ணுக்கு, முக்கியமாக 50 வயதைத் தாண்டியவருக்கு, இவற்றில் ஏதாவது ஒன்று அடிக்கடி, அதாவது மாதத்தில் 12 முறைக்கு மேல் வந்தால் பரிசோதனை செய்ய வேண்டும். அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது: 50க்கு மேல் புதிதாக எரிச்சல் குடல் நோய் (ஐ.பி.எஸ்., அதாவது வயிற்றுவலியோடு மலப்பழக்கம் மாறி மாறி வரும் குடல் கோளாறு) போன்ற அறிகுறிகள் தோன்றினால் சினைப்பையைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்த நோய் இந்த வயதில் முதல்முறையாக வருவது அரிது.

பரிசோதனை பெரிய சிரமமில்லை. சி.ஏ.-125 என்ற ரத்தப் பரிசோதனை, வயிற்றுக்கும் இடுப்புப் பகுதிக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். சி.ஏ.-125 கூடுவதற்குக் கர்ப்பப்பையில் வரும் நார்த்திசுக் கட்டி (ஃபைப்ராய்டு) போன்ற சாதாரணக் காரணங்களும் உண்டு. புற்றுநோயின் தொடக்கத்தில் அது சரியான அளவிலேயே இருக்கவும் கூடும். அதனால் மருத்துவர் இரண்டையும் சேர்த்துப் பார்ப்பார். ‘போன வருஷம்தான் பாப் ஸ்மியர் எடுத்தேன், சரியாக இருந்தது’ என்று நிம்மதியாக இருக்க வேண்டாம். அது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை, சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. கர்ப்பப்பையை எடுத்தவர்களில் பலருக்குச் சினைப்பை உள்ளேயே இருக்கும். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து, என்ன எடுத்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, பல வாரமாக மாறிவிட்ட மலப்பழக்கம், மாதவிடாய் நின்று ஓராண்டுக்குப் பின் ஒரு துளி ரத்தம்: இவற்றில் எது இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இன்னொன்று மிக முக்கியம். மெனோபாஸுக்குப் பின் பெண்களுக்கு மாரடைப்பு அபாயம் ஏறுகிறது, பெண்களுக்கு அது நெஞ்சுவலி இல்லாமல் மேல்வயிற்று அழுத்தமாகவும், குமட்டலாகவும், ஏப்பம் வராத அவஸ்தையாகவும் வரலாம். கூடவே குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், தாடையிலோ தோளிலோ முதுகிலோ வலி, திடீர்ச் சோர்வு இருந்தால் சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், முதலில் இ.சி.ஜி. எடுக்கட்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்.

யாரிடம் போவது? முதலில் குடும்ப மருத்துவரோ மகப்பேறு மருத்துவரோ போதும். அரசு மருத்துவமனைகளிலும் அல்ட்ராசவுண்ட் வசதி இருக்கிறது. உள்ளே போனதும் ‘கேஸ், டாக்டர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நாளாக, மாதத்தில் எத்தனை முறை, காலையில் இறங்குகிறதா, மாதவிடாய் நின்று எவ்வளவு காலமாகிறது, குடும்பத்தில் யாருக்காவது மார்பகம், சினைப்பை, குடல் புற்றுநோய் இருந்ததா என்று சொல்லுங்கள். பரிசோதனை எல்லாம் சரியாக இருந்து, அதன் பிறகும் உப்புசம் அடிக்கடி வந்தாலோ கூடிக்கொண்டே போனாலோ, பழைய ரிப்போர்ட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள்.